மகளின் இன்னொரு கணக்கு

வணக்கம்.

என் மகளுக்கு 14 வயது. இன்ஸ்டாகிராமில் அவளுக்கு இரண்டாவதாக ஒரு கணக்கு இருப்பதை அவளுடைய அத்தை மகள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். முதல் கணக்கில் நானும் என் மனைவியும் உறவினர்களும் இருக்கிறோம். அதில் ஓவியமும் பூனைப் படமும்தான் வரும். இரண்டாவதில் நாங்கள் யாரும் இல்லை. மகளிடம் இன்னும் எதுவும் கேட்கவில்லை. போனைப் பிடுங்கி வைத்துவிடலாம் என்கிறார் மனைவி. அவளுக்குத் தெரியாமல் வேவு பார்க்கும் செயலி ஒன்றைப் போட்டுவிடலாமா என்று நான் யோசிக்கிறேன். ஆஸ்திரேலியா மாதிரி 16 வயதுவரை சமூக ஊடகத்துக்குத் தடை வந்துவிட்டால் நிம்மதி என்றும் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கணக்குக்காகப் பதற வேண்டாம். மேலதிகாரி இல்லாத வாட்ஸ்அப் குழு ஒன்று உங்களுக்கும் இருக்கும்தானே? சித்தப்பாவும் பெரியம்மாவும் பார்க்கிற இடத்தில் பூனைப் படத்தைத் தவிர வேறு எதை அவள் போட முடியும்?

என் கவலை வேறு. அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுவது இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது. முதலில் அவள் வயதுள்ள ஒருவரின் பெயரில் கோரிக்கை வரும். நாலைந்து தோழிகள் ஏற்கெனவே ஏற்றிருப்பார்கள் என்பதால் இவளுக்கும் சந்தேகம் வராது. பேச்சு இனிமையாகப் போகும். சில நாள், சில சமயம் ஒரு மணி நேரமே போதும். பிறகு எதிராளி ஒரு படம் அனுப்பி, பதிலுக்கு ஒன்று கேட்பான். அது போய்ச் சேர்ந்த மறு நிமிடம் குரல் மாறும். அவளுடைய ஃபாலோயர் பட்டியல் ஸ்கிரீன்ஷாட்டாக வந்து நிற்கும். நான் கேட்பதைத் தராவிட்டால் இத்தனை பேருக்கும் போகும் என்பான். பையன்களிடம் பெரும்பாலும் பணம், பெண்களிடம் பெரும்பாலும் இன்னும் படங்கள். எதுவுமே அனுப்பாத பிள்ளையின் சாதாரணப் படத்தை ஏஐ கொண்டு மாற்றி மிரட்டுவதும் உண்டு.

அந்த இடத்தில் அவள் உங்களிடம் வருவாளா? வீட்டில் சொன்னால் போன் போய்விடும் என்று தெரிந்த பிள்ளை வராது. மிரட்டுபவன் நம்பியிருப்பதும் இதைத்தான். அதனால்தான் போனைப் பிடுங்குவதை நான் ஏற்கவில்லை. எந்தச் சிக்கலில் மாட்டினாலும் சொல், சொன்னதற்காகப் போனை வாங்க மாட்டோம் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து அவளிடம் சொல்லுங்கள். அப்புறம் அந்த வாக்கை மீறாதீர்கள்.

அப்படி ஒன்று நடந்தே விட்டால், பணமோ இன்னொரு படமோ அனுப்பக் கூடாது. உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, தளத்தில் புகார் செய்து பிளாக் செய்யுங்கள். போலீசுக்கும் போங்கள். 'டேக் இட் டவுன்' என்றொரு இலவசச் சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் நடத்துவது. பெயர்கூடச் சொல்ல வேண்டாம். படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண் வடிவக் கைரேகை மட்டும் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படம் அங்கே பொதுவில் ஏறினால் கண்டுபிடித்து நீக்க அது உதவும்.

வேவுச் செயலி வேண்டவே வேண்டாம். அவள் கண்டுபிடித்துவிட்டால் மூன்றாவது கணக்கு தோழியின் போனில் தொடங்கும். இன்ஸ்டாகிராமிலேயே பெற்றோர் மேற்பார்வை வசதி இருக்கிறது. அவளும் சம்மதித்துத்தான் அது இயங்கும். எவ்வளவு நேரம் போகிறது, கடந்த 7 நாளில் யாரோடெல்லாம் பேசினாள் என்பது தெரியும்; என்ன பேசினாள் என்பது தெரியாது. 14 வயதுக்கு அது போதும் என்பது என் கருத்து.

ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. பொறுப்பு முழுக்க நிறுவனங்களுடையது, தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. நல்ல விஷயம்தான். ஆனால் வாட்ஸ்அப் அதில் வராது. 16 வயதும் ஒருநாள் முடியும்.

வயது என்றதும் ஒன்று. இன்ஸ்டாகிராமில் சேர 13 வயது என்ற வரம்பு பக்குவத்தை அளந்து வைத்ததில்லை. சிறுவர்களின் தகவலைச் சேகரிப்பது பற்றிய 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்தது. 10 வயதில் 13 என்று பொய் சொல்லிச் சேர்ந்த பிள்ளை, 15 வயதில் இன்ஸ்டாகிராமின் கணக்குப்படி 18. 2024 செப்டம்பரில் தொடங்கிய பதின்வயதினர் கணக்கின் பாதுகாப்புகள் (தானாகவே பிரைவேட், தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது) அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம். அதனால் பிறந்த வருடத்தைப் பாருங்கள்.

இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும்தான்.

சரி, எப்படிப் பேச்சை எடுப்பது? முதலில் மனைவியோடு பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். பிறகு மகளிடம், கணக்கு இருப்பது தெரியும், உள்ளே எட்டிப் பார்க்கப் போவதில்லை என்று நேராகவே சொல்லிவிடுங்கள். யார் சொன்னது என்று கட்டாயம் கேட்பாள். அத்தை மகளைக் காட்டிக்கொடுக்காதீர்கள். கணக்கு பிரைவேட்டா, அதில் இருப்பவர்கள் எல்லோரும் நேரில் தெரிந்தவர்களா, பிறந்த வருடம் சரியா என்று மட்டும் கேளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அன்றைக்கு அதோடு விட்டுவிட்டு, அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.