பத்தடி அறைக்கு டவர் ஸ்பீக்கர் சரிவருமா?
குன்னூரில் 10-க்கு 10 அடி அறை, டவர் ஸ்பீக்கர் (தரையில் நிற்கும், கனத்த ஒலி அதிகம் தரும் உயரமான பெட்டி) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. பத்தடி இடைவெளிச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள கனத்த ஒலி மோதி மோதி வீங்கும், நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு வீக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்ளும்; தவிலின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) அடிக்கு அடி பிரியாமல் ஒரே ‘கும்’மென்று கேட்கும். ஐந்து அங்குல வூஃபர் (கனத்த ஒலி தரும் கூம்பு) உள்ள, அலமாரியில் வைக்கும் அளவுக்குச் சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் போதும். சுவரை ஒட்டித்தான் வைக்க வேண்டியிருக்கும் என்பதால், பின்பக்கத் துளை இல்லாத மூடிய பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. மூலையில் மட்டும் திணிக்காதீர்கள். ட்வீட்டர் (கீச்சென்ற உயர்ந்த ஒலி தரும் சிறிய பகுதி) காது உயரத்தில் வரட்டும். அப்புறம் நம்ம மலை ஈரம்: பழைய ஸ்பீக்கர் பார்க்கிறீர்கள் என்றால் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், ஃபோமாக இருந்து பிசுபிசுத்தால் விட்டுவிடுங்கள், ரப்பர் வளையம்தான் இங்கே தாங்கும்.