பிக்கப் முன் சஸ்பென்ஷனை வீட்டில் உயர்த்துவது: கேள்வி பதில்

முன்னால் டபுள் விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கும் அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம் இரண்டும்), காயில் ஸ்பிரிங், அதற்குள் ஷாக் அப்சார்பர் என்று அமைந்த பிக்கப்களைப் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுப்பைத்தான் ஸ்ட்ரட் என்கிறோம். பெரும்பாலானவை இசுஸு வி-கிராஸ் வைத்திருப்பவர்களுடையவை.

பொள்ளாச்சி: சார், வி-கிராஸ் ஃபோர் வீல் டிரைவ். தோப்புப் பாதையில் முன்பக்கம் அடிவாங்குகிறது. ஸ்ட்ரட் மேல் வைக்கும் ஸ்பேசர் வாங்கிவிட்டேன். நானே மாட்டலாமா?

மாட்டலாம். முதலில் ஸ்பேசரின், அதாவது ஸ்ட்ரட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையில் வைக்கும் அந்தத் துண்டின், தடிமனை அளந்து பாருங்கள். ஸ்ட்ரட்டின் கீழ்முனை லோயர் ஆர்மின் நடுப்பகுதியில்தான் உட்காருகிறது. சக்கரம் இருப்பது ஆர்மின் கடைசியில். அதனால் 20 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் வண்டி ஏறக்குறைய 40 மி.மீ. உயரும். பெட்டியில் ‘40’ என்று போட்டிருந்தால் அது தடிமனா, உயர்வா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தடிமன் 40 என்றால் வண்டி 80 மி.மீ. பக்கம் எழும்பும். டிரைவ் ஷாஃப்ட் அதைத் தாங்காது.

வேலைக்கு முன் சமதரையில் வண்டியை நிறுத்தி, வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். முன்னால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். லோயர் ஆர்முக்கு அடியில் வைத்தால் ஆர்ம் கீழே இறங்காது, ஸ்ட்ரட்டும் வெளியே வராது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்காதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸையும் பிடித்திருக்கும் கிளிப்புகளை விடுவியுங்கள். பிறகு ஸ்டெபிலைசர் லிங்க் (இரு பக்க ஆர்ம்களையும் இணைக்கும் கம்பியின் இணைப்பு), இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் அடுத்த பக்கம் ஆர்மை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அப்பர் பால் ஜாயின்ட் நட்டை முழுக்க எடுக்காமல் நான்கைந்து மரை விட்டு நிறுத்தி, நக்கிளின் (ஹப்பைத் தாங்கும் பாகம்) காதுப் பக்கத்தில் சுத்தியலால் இரண்டு அடி கொடுங்கள், விட்டுவிடும். கவட்டைக் கம்பி போட்டு நெம்பினால் ரப்பர் பூட் கிழியும். பிரிந்ததும் ஹப்பைக் கயிறு போட்டு மேலே கட்டுங்கள். அது வெளியே சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்றுவிடும், பிரேக் ஹோஸிலும் பாரம் விழும்.

அடுத்து ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டையும், மேலே சேஸிஸில் இருக்கும் ஓரத்து நட்டுகளையும் கழற்றுங்கள். ஸ்ட்ரட் உச்சியில் நடுவில் இருக்கும் நட்டைத் தொடாதீர்கள். முழு ஸ்பிரிங்கையும் அமுக்கிப் பிடித்திருப்பது அதுதான். ஸ்பேசரை ஸ்ட்ரட் தலையில் உள்ள பழைய ஸ்டட்களில் முடுக்கிவிட்டு, ஸ்பேசரின் சொந்த ஸ்டட்களை சேஸிஸ் துளையில் ஏற்றுங்கள். ஸ்ட்ரட் இப்போது நீளமாகிவிட்டதால் கீழ் போல்ட் துளை சேராது. நீளமான கம்பியால் லோயர் ஆர்மை இன்னொருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்களைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. கையால் முடுக்கிவிட்டு, வண்டியை இறக்கி முன்னும் பின்னும் உருட்டி, உட்கார்ந்த பிறகு மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசையின் அளவு) இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சில மாதங்களில் கிழியும்.

ஈரோடு: அண்ணா, ஸ்பேசர் வேண்டாம், கனமான ஸ்பிரிங்கே போடப்போகிறேன். கம்ப்ரஸர் இல்லை. செயின் கட்டி நடு நட்டைக் கழற்றலாமா?

கூடாது. அந்த ஸ்பிரிங்கில் அடங்கியிருப்பது நூற்றுக்கணக்கான கிலோ அழுத்தம். செயின் வழுக்கினால் மேல்தட்டு முகத்துக்கு நேராக வரும். ஸ்ட்ரட்டைக் கழற்றுவது வரை வீட்டில் செய்யுங்கள். ஸ்பிரிங் மாற்றுவதற்குச் சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

மதுரை: 45 மி.மீ. உயர்த்தினேன். 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் மிதக்கிறது, திருப்பினால் தானாகத் திரும்பி வருவதில்லை.

காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்திருக்கிறது. உயர்த்தும்போது அப்பர் பால் ஜாயின்ட் முன்னோக்கி நகர்வதால் நேராக ஓடும் குணம் போய்விடும். லோயர் ஆர்மின் கேம் போல்ட்களில் (திருப்பினால் ஆர்மை நகர்த்துபவை) முதலில் காஸ்டரைப் பிடித்து, பிறகு கேம்பர் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்), கடைசியில் டோ (இரு சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) வைக்கச் சொல்லுங்கள். ‘டோ மட்டும் பார்த்தால் போதும்’ என்கிற கடையை விட்டு வந்துவிடுங்கள். அப்பர் ஆர்ம் குட்டை என்பதால் டயரின் மேல்பக்கம் வெளியே சாய்ந்திருக்கும். கவனிக்காவிட்டால் வெளி ஓரம் தேயும். கேம் போல்ட் முழுக்கத் திரும்பியும் அளவு வரவில்லையென்றால் மாற்று அப்பர் ஆர்ம் வேண்டும், அல்லது உயரத்தைக் குறைக்க வேண்டும்.

சேலம்: ஸ்பிரிங்குக்கு மேல், அதன் தட்டுக்குள்ளே வைக்கும் ப்ரீலோட் ஸ்பேசர் ஸ்பிரிங்கை விறைப்பாக்கும் என்கிறார்களே?

ஆக்காது. சீரான சுற்றுள்ள ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் தடிமன், சுற்றின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை இவற்றில்தான் இருக்கிறது. முன்கூட்டி அமுக்கிவைப்பதால் அது மாறாது.

கோவை: ஒத்துக்கொள்ள முடியாது. நான் போட்ட வண்டி கட்டையாக ஓடுகிறது. விறைப்பு கூடாமல் அது எப்படி?

கட்டையாக ஓடுவது உண்மை, காரணம் வேறு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்ட்ரட் மேல் 1000 கிலோ பாரம், ஸ்பிரிங் மி.மீ.க்கு 10 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது ஸ்பிரிங் 100 மி.மீ. அமுங்கியே ஆக வேண்டும். ஸ்ட்ரட்டில் பூட்டும்போதே 40 அமுங்கிவிட்டது என்றால், வண்டி இறங்கும்போது ஷாக் மீதி 60 உள்ளே போகிறது. 10 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் பூட்டும்போதே 50, இறங்கும்போது 50. பாரம் அதே 1000 கிலோ, அமுக்கம் அதே 100. வண்டி மட்டும் 20 மி.மீ. உயர்ந்திருக்கிறது. ஆனால் பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க ஷாக்குக்கு முன்பு 60 இருந்தது, இப்போது 50. சக்கரத்தில் பார்த்தால் 120 இருந்தது 100 ஆகிவிட்டது. வேகத்தடை தாண்டியதும் சக்கரம் தொங்கும்போது ஷாக் தன் எல்லையில் போய் இடிக்கிறது. அந்த இடியைத்தான் விறைப்பு என்கிறீர்கள்.

திருச்சி: அப்படியானால் ஸ்ட்ரட் தலையில் வைப்பதுதான் நல்லது என்றாகிறதே?

அதற்கும் விலை உண்டு. அங்கே ஷாக்கின் 60 அப்படியே இருக்கும், ஆனால் ஸ்ட்ரட் மொத்தமாகக் கீழே தள்ளப்பட்டிருக்கிறது. சக்கரம் கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டித் தொங்கும். டிரைவ் ஷாஃப்ட், அப்பர் பால் ஜாயின்ட் இரண்டும் அதிகக் கோணத்தில் மடங்கும். அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசும். மேல்நோக்கி அமுங்கும்போதும், தடிமன் கூடினால் பம்ப் ஸ்டாப் (சக்கரம் மேலே போவதற்கு எல்லை வைக்கும் ரப்பர்) தொடுவதற்குள் ஷாக் அடிமுட்டிவிடலாம். தோப்புப் பாதைக்கு மெதுவாகப் போகிறவர் 20 மி.மீ. தலை ஸ்பேசரோடு நிறுத்திக்கொள்ளலாம். பாரமான பம்பர், வின்ச் ஏற்றுகிறவர் இரண்டையும் விட்டுவிட்டு, அந்தப் பாரத்துக்கான ஸ்பிரிங்கும் நீளமான ஷாக்கும் சேர்த்து வாங்க வேண்டும்.

கோவை: நீங்கள் சொன்ன கணக்கில் ஷாக்கின் வால்வைச் சேர்க்கவில்லையே?

வண்டி எந்த உயரத்தில் உட்காரும் என்பதை நிற்கும் வண்டியில் வால்வு தீர்மானிக்காது. வாயு அழுத்தம் உள்ள ஷாக் சிறிது தூக்கிக்கொடுக்கும், அவ்வளவே. ஓடும்போது வால்வு முக்கியம்தான். ஆனால் ஸ்பேசர் அதை மாற்றவில்லை.

ஈப்போ: 1999 ஹைலக்ஸ், முன்னால் டார்ஷன் பார். ஸ்பேசர் எங்கே வைப்பது?

வைக்க வேண்டாம். டார்ஷன் பார் என்பது முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி. அதன் பின்முனையில், குறுக்குச் சட்டத்தில் நீளமான அட்ஜஸ்டிங் போல்ட் இருக்கும். மரையில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். வெளியே தெரியும் மரையை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டுத் திருப்புங்கள். பாரத்தோடு திருப்பினால் மரை வழுக்கும். ஒரு தடவைக்கு இரண்டு சுற்று, இறக்கி உருட்டி அளவு, மீண்டும் இரண்டு சுற்று. இங்கேயும் பார் விறைப்பாவதில்லை, கீழிறங்கும் தூரம்தான் குறைகிறது. தொங்கலைத் தடுக்கும் ரப்பருக்கும் ஆர்முக்கும் நடுவே கைவிரல் நுழையவில்லையென்றால் திருப்பிக் குறையுங்கள்.

திருநெல்வேலி: 245/70-க்குப் பதில் 265/70 டயர் போட்டால்?

16 அங்குல ரிம்மில் விட்டம் 749-லிருந்து 777 மி.மீ. ஆகும். தரையிடைவெளி 14 மி.மீ. கூடும், ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட 4 சதவீதம் குறைத்துக் காட்டும். மீதியை டயர்க் கடையில் கேளுங்கள்.

நாமக்கல்: முன்னாலும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உள்ள பிக்கப்.

அது பட்டை கட்டும் பட்டறை வேலை. இந்தப் பதில்கள் எதுவும் பொருந்தாது.

தஞ்சாவூர்: 50 மி.மீ. தடிமன் ஸ்பேசர் சும்மா கிடைத்தது, போடலாமா?

பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்ன முதல் பத்தியைப் படியுங்கள். போடாதீர்கள்.

வேலூர்: ஆர்டிஓவில் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் மாற்றத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹெட்லைட்டையும் கீழே இறக்கிச் சரிசெய்யுங்கள், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

திண்டுக்கல்: நடு நட்டை ஒரு சுற்று மட்டும் தளர்த்தினால்?

கூடாது. ஒரு சுற்றும் கூடாது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கரூர்: ஸ்பேசர் போட்டு ஒரு வாரம். பள்ளத்தில் ‘டொக்’ என்று சத்தம்.

நான்கு இடம் பாருங்கள். ஒன்று, மேல் நட்டுகள்: முதல் 100 கி.மீ.க்குள் ஒருமுறையும் 500-ல் ஒருமுறையும் டார்க் பார்க்க வேண்டும். பெயின்ட் நசுங்கி உட்காரும்போது தளரும். இரண்டு, ஸ்டெபிலைசர் லிங்கின் நட்டு. மூன்று, சக்கரத்தைத் தொங்கவிட்டு அப்பர் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே டார்ச் அடியுங்கள். ஸ்பிரிங்கில் பெயின்ட் உரிந்து பளபளப்பு தெரிந்தால் இடிப்பது அங்கேதான், உயரத்தைக் குறைப்பதே வழி. நான்கு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது ‘கட் கட்’ என்று தொடர்ந்து கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி கிரீஸ் தெளித்திருக்கிறதா என்று வீல் உள்பக்கம் பாருங்கள். தெளித்திருந்தால் உடனே புதுப் பூட்டும் கிரீஸும் போடுங்கள், முன் டிஃபரன்ஷியலை 20 மி.மீ. அளவுக்கு இறக்கும் கிட் கிடைத்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.