பழைய தேக்கு ஜன்னல்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: கும்பகோணத்தில் தாத்தா 1962-இல் கட்டிய வீடு எங்களுடையது. பத்து ஜன்னல்கள், எல்லாம் தேக்கு. மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு கதவு, நடுவில் இரும்புக் கம்பி. ஐப்பசி, கார்த்திகையில் பாதி ஜன்னல்களைச் சாத்த முடிவதில்லை. சமையலறை ஜன்னலின் அடியில் கரையான் மண் தெரிகிறது. யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல் போடுகிறவர், "பத்தையும் மாற்றிவிடுங்கள், வெயில், சத்தம், கொசு மூன்றும் போய்விடும், பழசை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார். அம்மாவுக்கு மனசில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்:

முதலில் அந்த 'பத்தையும்' என்ற பேச்சை விடுங்கள். ஒரே மரத்தில் செய்திருந்தாலும் பத்து ஜன்னல்களும் ஒரே மாதிரி கெடுவதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசிச் சாரலை வாங்குகிற ஜன்னல் வேறு, முற்றத்தைப் பார்த்து நிழலில் இருக்கிற ஜன்னல் வேறு. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். அதிலும் கதவையும் நிலையையும் தனித்தனியாகப் பாருங்கள். கதவு கெட்டால் கீலைக் கழற்றி வேறு கதவு மாட்டிவிடலாம். நிலை சுவரோடு சேர்த்துக் கட்டியது. அதைப் பெயர்க்கும்போதுதான் செலவே ஆரம்பிக்கிறது.

ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையின் பக்கச் சட்டம் அடிச் சட்டத்தோடு சேரும் மூலையில் முனையை வைத்து அழுத்துங்கள். தண்ணீர் தங்குவது அங்கேதான். நல்ல தேக்காக இருந்தால் பெயிண்ட் கீறும், அதற்கு மேல் இறங்காது. அரை அங்குலம் இறங்கி, வெளியே எடுக்கும்போது ஈரத் தூளோ மண்ணோ ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த இடம் போய்விட்டது. அங்கிருந்து இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை மேலே குத்திக்கொண்டே போங்கள். கெட்டி மரம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

கோடு ஒரு சாண் உயரத்துக்குள் நின்றுவிட்டால் பழுது பார்ப்பதுதான் சரி. தச்சர் கெட்ட பகுதியைச் சாய்வாக அறுத்தெடுத்துவிட்டு, அதே கனத்தில் தேக்குத் துண்டை ஒட்டுப்போட்டு, பசையும் ஸ்க்ரூவும் வைத்து இறுக்கிவிடுவார். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் லேசில் தொடாது. அது தின்பது பெரும்பாலும் ஓரத்து வெள்ளை மரத்தைத்தான். மேலே மண் அப்பியிருப்பதால் நிலை முழுக்கப் போன மாதிரி தோன்றும், சுரண்டிப் பார்த்தால் உள்ளே மரம் கெட்டியாக இருக்கும். ஒட்டுக்கும் நன்றாகக் காய்ந்த பழைய தேக்கே நல்லது. வீடு இடித்த மரம் விற்கிற கடைகளில் கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த கதவு, ஜன்னல்களையே பார்க்கலாம். கோடு நிலையின் பாதியைத் தாண்டிவிட்டது, இரண்டு பக்கச் சட்டமும் போய்விட்டது என்றால் ஒட்டுப்போடுவது வீண்வேலை. மாற்றிவிடுங்கள்.

எதைச் செய்தாலும் ஈரம் ஏன் வந்தது என்று பார்க்காமல் செய்யாதீர்கள். ஜன்னலின் அடித்தளம் வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும். எப்போதோ பூசிய சிமெண்ட் உள்பக்கம் சரிந்திருந்தால் ஒவ்வொரு மழையும் நிலையின் காலடியில்தான் நிற்கும். சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டியதாக இருந்து, அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரத்தின் பக்கம் திரும்பும். கரையானோ தரையிலிருந்து வருவது. ஜன்னலில் மட்டும் மருந்து தெளித்தால் பக்கத்துச் சுவரில் ஏறும். சுவரோரத் தரையில் துளை போட்டு மண்ணுக்குள் மருந்து இறக்க வேண்டும். கட்டி முடித்த வீடுகளுக்கான முறை ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. மருந்து அடிக்க வருபவரிடம் அதன்படி செய்வாரா என்று கேளுங்கள்.

மழைக்காலத்தில் சாத்த முடியவில்லை என்பதற்காக யாரும் ஜன்னலை மாற்ற வேண்டியதில்லை. மரம் ஈரத்தை இழுத்து அகலவாக்கில் உப்புகிறது, அவ்வளவுதான். கார்த்திகையில் தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிட்டால் சித்திரையில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழும். தை, மாசி வரை பொறுங்கள். அப்போதும் பிடிக்கிறதென்றால் கீலைப் பாருங்கள். ஸ்க்ரூ தளர்ந்து கதவு தொங்கியிருக்கும். பழைய துளையில் தேக்குச் சிராயைப் பசை தடவி அடித்து, புது ஸ்க்ரூ போட்டாலே பல கதவுகள் சரியாகிவிடும். மிச்சத்துக்குக் காரணம் பெயிண்ட். அறுபது வருஷமாகப் பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் பிரவுன் என்று அடித்த கனமே கதவை இறுக்கப் போதும்.

சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உங்கள் வீட்டின் அடிப்பூச்சில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு காட்டி உரிக்க விடாதீர்கள். ஈரப்படுத்தித்தான் தேய்க்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு எங்காவது இருக்கட்டும்.

யுபிவிசிக்காரர் சொன்னதில் சத்தம் உண்மை. ரப்பர் பட்டையோடு இறுக மூடுகிற, கனமான கண்ணாடி போட்ட ஜன்னல் தெருச் சத்தத்தை நன்றாகக் குறைக்கும். அதுவும் நகர்த்துகிற மாடலைவிடக் கீல் வைத்துத் திறக்கிற மாடலில்தான் பலன் அதிகம். கொசுவுக்கு வலை போதும். உங்கள் கதவுகள் வெளிப்பக்கம் திறந்தால், கம்பிக்கு உள்பக்கம் வலைச் சட்டம் மாட்டிக்கொள்ளலாம். வெயில் விஷயத்தில்தான் பேச்சு தலைகீழ். மரக்கதவு வெயிலை வெளியிலேயே நிறுத்துகிறது, சாதாரணக் கண்ணாடி அதை உள்ளே விடுகிறது. இரண்டு பலகை நகர்த்து ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். உங்கள் நாலு கதவு ஜன்னலிலோ கீழே சாத்திவிட்டு மேலே திறந்து வைத்தால் தெருவில் போகிறவர் பார்வையும் படாது, மேலே சேர்ந்த சூடும் வெளியேறும். அதைக் கொடுத்துவிட்டு ஏசி வாங்குவது என்ன கணக்கோ!

என்னைக் கேட்டால், சாரலும் ஈரமும் ஓயாத குளியலறை, பஸ் போகும் தெருவைப் பார்த்த படுக்கையறை, கோடு பாதியைத் தாண்டினால் அந்தச் சமையலறை ஜன்னல், இவற்றுக்கு மட்டும் யுபிவிசி போதும். அப்படிப் போடும்போது உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் வைக்கிறார்களா, மழைத்தண்ணீர் வெளியேறத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். சதுர அடி விலையில் இடிப்பது, பூசுவது, கம்பி எல்லாம் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கால வீடுகளில் சில ஜன்னல்களுக்கு மேல் கான்கிரீட் லிண்டல் இருக்காது, செங்கல் வளைவோ மரக்கட்டையோதான் சுவரைத் தாங்கும். பொறியாளர் ஒருவர் பார்க்காமல் நிலையில் கடப்பாரை வைக்க விடாதீர்கள். அப்புறம், பழசை 'அவர்களே எடுத்துக்கொள்வது' உபகாரம் இல்லை. தேக்குக்குக் கன அடிக் கணக்கில் விலை உண்டு. மரக்கடைக்காரர் ஒருவரை வரச்சொல்லி மதிப்புப் போட்டபிறகு பேசுங்கள்.

வேலையை மாசியில் தொடங்கினால் மழைக்குள் நிதானமாக முடியும். கரையான் மருந்து முதலில், அடித்தளச் சரிவு அடுத்து, தச்சர் அப்புறம், பெயிண்டர் கடைசியில். கதவின் மேல் விளிம்பும் அடி விளிம்பும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பெயிண்டர்கள் விட்டுவிடுவார்கள்; மரம் ஈரம் குடிப்பது அதிகமும் அந்த வழியாகத்தான். கதவு கழற்றிக் கீழே கிடக்கும்போதே அந்த இரண்டு விளிம்பிலும் இரண்டு கை பெயிண்ட் ஏறியதா என்று பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.