தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை

வணக்கம். எனக்கு 31 வயது. மூன்று வயதிலேயே நாளிதழ்த் தலைப்புகளை எழுத்துக்கூட்டிப் படித்தேனாம். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள். விளையாட்டில் யாரும் சேர்க்கமாட்டார்கள், அதனால் படிப்புதான் எனக்கு எல்லாம். 16 வயதில் எழுதிய ஐ.க்யூ. தேர்வில் 134. அந்தத் தாளைப் போன மாதம்கூட எடுத்துப் பார்த்தேன், சிரிக்காதீர்கள்.

இப்போது புது வேலை. கூட இருப்பவர்கள் எல்லோரும் என்னைவிட வேகம். முதல் வாரக் கூட்டத்தில் ஒரு சொல் புரியவில்லை, புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டேன். மூன்று வாரமாக அந்தச் சொல்லை வைத்துத்தான் வேலையே நடக்கிறது. இனி எப்படிக் கேட்பது? நீச்சல் வகுப்பையும் இரண்டாம் நாளே விட்டுவிட்டேன். கெட்டிக்காரன் இல்லை என்றால் நான் யார்?

- ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

சிரிக்கவில்லை. அந்தத் தாள் உங்களுக்கு மதிப்பெண் மட்டுமில்லை, வீட்டுக்குள் நுழையும் சீட்டு. படித்துக் காட்டியபோது எல்லோர் முகமும் மலர்ந்தது. சும்மா உட்கார்ந்திருந்தபோது அப்படி மலர்ந்ததா? குழந்தை இந்தக் கணக்கைச் சீக்கிரம் போட்டுவிடும். விளையாட்டில் ஒதுக்கப்பட்ட வலிக்கும் அதுவே மருந்தானது: 'அவர்களுக்கு ஓடத் தெரியும், எனக்கு மூளை.' அந்த வயதில் அது உங்களைக் காப்பாற்றியது. குறை சொல்லமாட்டேன்.

சிக்கல் அப்புறம்தான். 1998இல் முல்லர், டுவெக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், புதிர் போட்ட சிறுவர்களில் சிலரை 'நீ கெட்டிக்காரன்' என்றும், சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிரில் எல்லோரும் திணறினார்கள். பிறகு முகம் தெரியாத இன்னொரு மாணவருக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்களில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் தலையாட்டலும் அதே ரகம்தான். உழைப்பவனுக்குத் தோல்வி ஒரு நாள் சங்கதி. கெட்டிக்காரனுக்கோ பட்டமே பறிபோகிற சங்கதி.

134 என்பது நூறில் ஓரிருவருக்குத்தான் வரும், உண்மை. ஆனால் அப்படிப்பட்டவர்களையே பொறுக்கி எடுத்த அலுவலகத்தில் அது சராசரி. உங்கள் மூளை தேயவில்லை, பக்கத்து நாற்காலிகள்தான் மாறியிருக்கின்றன. இன்னொன்று: ஐ.க்யூ. தேர்வுக்கு மூதாதை, 1905இல் பாரிஸில் பினே, சிமோன் என்ற உளவியலாளர்கள் வகுத்த சோதனை. எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கவே அதை உருவாக்கினார்கள். நீங்களோ அந்த எண்ணைக் காப்பாற்ற உதவியே கேட்காமல் இருக்கிறீர்கள்.

சரி, நாளைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் போய், "அன்றைக்குத் தலையாட்டிவிட்டேன், உண்மையில் புரியவில்லை" என்று சொல்லுங்கள். காது சூடாகும், கை கொஞ்சம் நடுங்கும். இரண்டு நிமிடம்தான். நீச்சலுக்கும் திரும்பப் போங்கள். மூக்கில் தண்ணீர் ஏறி இருமுகிற ஆளாக ஒரு மாதம் இருந்து பாருங்கள். பிறகும் வெறுமையாக இருந்தால் ஓர் ஆலோசகரை நேரில் பார்க்கலாம்.

அந்தச் சொல் என்னவென்று எனக்கும் எழுதுங்கள். எனக்கும் தெரியாமல் இருக்கலாம்.