பத்து வெள்ளியும் ஒரு பாட்டும்

வணக்கம் ஐயா,

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நண்பர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு சமூக வானொலி நடத்துகிறோம். வாரம் ஒருநாள் ஊர்க்காரர்களோடு உரையாடல். திருவிழா, சமையல் என்று பேசினால் எல்லாருக்கும் பிடிக்கிறது. அரசியல் பக்கம் போனால் “அது நமக்கு எதுக்கு” என்கிறார்கள் பெரியவர்கள். போன வாரம், முன்பு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஓர் அம்மா, தோட்டம் வாங்க அந்தக் காலத்துக் காசில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய கதையை ஆரம்பித்தார். அரசியலாகிவிடுமோ என்று பயந்து பாட்டு போட்டுவிட்டோம். அரசியலுக்குத் தனி நிகழ்ச்சி வைக்கலாமா? தூய தமிழில்தான் பேச வேண்டுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கைக்காசைப் போட்டு இதைச் செய்கிறீர்கள் என்று தெரிகிறது. நன்றாக இருங்கள். தூய தமிழெல்லாம் பெரிய விஷயமில்லை, சந்தையைப் பாசார் என்றே சொல்லட்டும். சட்டத்தை நினைத்துப் பயமாக இருந்தால், 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் இணையப் பேச்சைக் கட்டுப்படுத்தும் 233ஆம் பிரிவு தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பாட்டு போட்டீர்களா? அதுவும் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு! வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற காலம் அது. ஆளுக்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நாமே வாங்குவோம் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் அவர். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கியதுதான். அந்தப் பத்து வெள்ளிக்காக எத்தனை வீட்டில் அந்த மாதம் மீன் வாங்கவில்லை, பிள்ளைக்குச் சட்டை எடுக்கவில்லை! தோட்டம் கைமாறினால், நாம் குடியிருக்கும் வரிசைவீடான லயத்தைக் காலி பண்ணச் சொல்வானே, கோயிலை யார் பார்ப்பது என்ற பயம். இதில் எது அரசியல், எது பண்பாடு, எது சமையல்? கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்.

எங்கள் லயத்தில் பெரியப்பா வீட்டில்தான் ரேடியோ. தோலுறை போட்ட டிரான்சிஸ்டர். சாயங்காலம் வீட்டு முன் நடையான அஞ்சடியில் ஸ்டூல்மேல் வைப்பார். செய்தி வாசிப்பவர் ஒரு வரி முடிப்பதற்குள் இங்கே நாலு பேர் பதில் சொல்லியிருப்பார்கள். லயத்துச் சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டுச் சித்தி மீன் பொரித்துக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “அவன் கெடக்கான், அரிசி விலையச் சொல்லச் சொல்லு” என்பார். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த சிவப்பு ஐசிக்காரர்கள் அந்த அஞ்சடியில்தான் உட்கார்ந்து பேசினார்கள்: யார் இருப்பது, யார் இந்தியாவுக்கு ரஜுலா கப்பல் ஏறுவது என்று. சித்தி குடும்பம் ஏறியது. ரேடியோவில் வந்த செய்தி ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அஞ்சடியில் பேசியதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஒலிபரப்பியிருக்க வேண்டியது அதைத்தான்.

இப்போது ரேடியோவைத் திறந்தால் அறிவிப்பாளர் சிரிக்கிறார், கூட இருப்பவரும் சிரிக்கிறார். நேயர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் என்ன பாட்டு வேண்டும் என்கிறார்கள். தம்பி, தோட்டத்துக் கிழவி விஷயத்துக்கு வர நேரம் ஆகும். முதலில் மருமகளைத் திட்டுவார், அப்புறம் முட்டிவலி, அப்புறம் கங்காணி, அதற்கும் அப்புறம்தான் பத்து வெள்ளி. நடுவில் பேசாமல் இருந்தால் இருக்கட்டும், விடுங்கள். இருமினால் இருமட்டும். “அருமையான தகவல்மா” என்று நீங்கள் வாயைத் திறந்தீர்களோ, போச்சு. அவர் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார். பாட்டு போடுவது அதைவிட மோசம். வாயைப் பொத்துவதற்குச் சமம்.

பெரியவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் வேண்டாம் என்பது கட்சியை. கட்சிக்காரர்களுக்கு வேறு மேடைகள் நிறைய உண்டு, நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை. அந்த அம்மாவை மறுபடி போய்ப் பாருங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். அவர் வீட்டு வாசலிலேயே, அக்கம்பக்கத்து அம்மாக்களும் இருக்கும்போது பதிவு பண்ணுங்கள். காசை யார் வசூலித்தார், வீட்டுக்காரர் சம்மதித்தாரா, பணம் கட்டிய சீட்டு ஏதாவது இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். போன வாரத்து வெட்டாத பதிவு இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.