ஊர்வலம் போனால் ரத்தம் நிற்குமா?

கேள்வி: ஆப்பிரிக்க நாடுகளில் இன்றும் ஏராளமான பெண்கள் பிரசவத்தில் இறந்துபோகிறார்கள் என்று படித்தேன். அந்த மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லாததுதானே காரணம்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வந்துவிட்டதா விழிப்புணர்வு! இது இல்லாத கேள்வி ஒரு வாரமாவது வராதா என்று பார்க்கிறேன். டெங்குவுக்கு விழிப்புணர்வு, ஹெல்மெட்டுக்கு விழிப்புணர்வு, நெகிழிப் பைக்கு விழிப்புணர்வு. எல்லாவற்றுக்கும் செய்முறை ஒன்றே. பதினோரு மணி வெயிலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு அட்டையைக் கையில் கொடுத்து, கொடியசைக்க வேண்டிய அதிகாரி வரும்வரை காயவைப்பார்கள். அவர் வந்து கொடியசைப்பார்; போட்டோ சரியாக விழும்வரை அசைத்துக்கொண்டே இருப்பார். பேரணி பஸ் ஸ்டாண்டு வரை போய் டிராஃபிக்கை அடைக்கும். அது தாய்சேய் நலப் பேரணியாக இருந்து, பின்னால் பிரசவ வலியோடு ஒரு 108 வண்டி மாட்டிக்கொண்டால்... வேண்டாம், வாயை வைக்காமல் இருப்போம்.

அப்புறம் பொன்னாடை. இந்தப் பக்கத்தில் பொன்னாடையை நான் திட்டியதற்குக் கணக்கே கிடையாது. அதைப் போர்த்திக்கொண்டு குளிர் காய முடியாது, தலை துவட்டவும் முடியாது. அடுத்த விழாவுக்கு மடித்து வைக்கத்தான் லாயக்கு. தமிழ்நாட்டில் மொத்தமே நாற்பது பொன்னாடைதான் இருக்கிறது, அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது என்பது என் நெடுநாள் சந்தேகம். சென்ற மாதம் ஒரு விழாவில் எனக்கு விழுந்ததில் வேறொருவர் பெயர் எழுதிய சீட்டு குத்தியிருந்தது.

சரி, ஆப்பிரிக்கா. 54 நாடுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சியரா லியோன். 2008 கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு 25 பிரசவம்தான் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நடந்தது. விழிப்புணர்வுக்காரர்கள் அங்கேயும் உச்சுக்கொட்டியிருப்பார்கள். 2010 ஏப்ரல் 27, அந்நாட்டின் சுதந்திர தினம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு அரசு மருத்துவமனைகளில் இனிக் கட்டணம் கிடையாது என்று அன்றைக்கு நடைமுறைக்குக் கொண்டுவந்தார் அதிபர் எர்னஸ்ட் பாய் கொரோமா. 2013 கணக்கெடுப்பில் அந்த 25 என்பது 54 ஆகிவிட்டது. 2019-ல் 83. இடையில் எபோலா வேறு வந்து ஆட்டிவைத்த நாடு. ஐந்து வருஷத்தில் அத்தனை பெண்களுக்கும் திடீரென்று ஞானோதயமா? புத்தி முன்பே இருந்தது ஐயா, பணம்தான் இல்லை.

இலவசம் கொடுத்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று எழுதும் நம் பொருளாதார மேதை ஒருவரோடு இங்கே ஏற்கெனவே கட்டிப் புரண்டிருக்கிறேன். அவர் கவனத்துக்கு மேற்படி மூன்று எண்கள். கட்டணத்தை எடுத்தது மட்டுமே முழுக் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். ஊழியர்களின் சம்பளத்தைக் கூட்டினார்கள். வீட்டில் பிள்ளை பெற்றால் அபராதம் என்று ஊர்த்தலைவர்கள் விதி போட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சம்பளப் பட்டியலைச் சலித்ததில் வேலைக்கே வராத, சில இடங்களில் ஆளே இல்லாத பெயர்கள் நிறைய உதிர்ந்தன. பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள், பேங்க் கணக்கு உண்டு போலிருக்கிறது. இலவசம் என்று அறிவித்த பிறகும் மருந்து கடத்தலும் கை நீட்டுவதும் நிற்கவில்லை. ஆனாலும் 2000-ஐ ஒட்டி ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கும் அதிகமான தாய்மார்களை இழந்த நாடு, 2020-ல் 500-க்கும் கீழே வந்துவிட்டது. அதுவே கொடுமையான எண்தான்.

காசு ஒரு தடை. இன்னொன்று சாலை. அங்கே 'ஒகாடா' என்று வாடகை மோட்டார் சைக்கிள் உண்டு. மழைக்காலத்தில் செம்மண் சேற்றில், ஓட்டுகிறவருக்குப் பின்னால் பிரசவ வலியோடு ஒரு பெண், அவளைப் பிடித்துக்கொள்ள அவளுக்குப் பின்னால் நாத்தனாரோ அம்மாவோ. அந்த வண்டியில் போகிறவளிடம் ஆஸ்பத்திரியின் அவசியத்தை விளக்கப்போகிறீர்களா?

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். குழந்தை பிறந்த பிறகு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் ஆபத்து. போனது எவ்வளவு? நனைந்த துணியையும் தரையையும் பார்த்து நர்ஸ் கண்மதிப்பாகச் சொல்ல வேண்டும். படித்தவர், பயிற்சி உள்ளவர். இருந்தும் பாதிக்குப் பாதி தவறிப்போகிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. அதில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. தாயின் இடுப்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன் முனை குவிந்து பையாகத் தொங்கும், பையில் அளவுக்கோடு. ரத்தம் கோட்டைத் தொட்டதா, உடனே கருப்பையைத் தேய்த்துவிடுவது, அது சுருங்க மருந்து, ரத்தம் உறைய மருந்து, டிரிப், எங்கே கசிகிறது என்ற பரிசோதனை, எல்லாம் ஒரே மூச்சில். வழக்கமான முறையில் 51 சதவீதம் பேரிடம்தான் கண்டுபிடிக்கப்பட்ட மிகையான ரத்தப்போக்கு, இந்தப் பை வந்ததும் 93 சதவீதம் பேரிடம் பிடிபட்டது. கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, மரணம் இவை சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் இந்த முறையைப் பரிந்துரைத்துவிட்டது.

உங்களுக்கு இந்த விஷயத்தில் உண்மையான அக்கறை இருந்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் மாவட்டத்துப் பிரசவ வார்டுகளில் அளவுக்கோடு போட்ட விரிப்பு இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்தால் எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.