அன்னாசிப் பழத்துக்குக் கணக்கு தெரியுமா?

கேள்வி: ஏற்காடு போய்த் திரும்பும்போது ஓர் அன்னாசிப் பழம் வாங்கி வந்தோம். பத்தாவது படிக்கும் என் மகள் அதன் கண் வரிசைகளை எண்ணி, இந்தப் பக்கச் சாய்வில் 8, அந்தப் பக்கச் சாய்வில் 13, இவை ஃபிபனாச்சி எண்கள் என்கிறாள். பழத்துக்கு எப்படிக் கணக்கு தெரியும்?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: மகளுக்கு முதலில் ஒரு சபாஷ். பழக்கடையில் தோலைச் சீவிய பிறகு, கண்களை ஒவ்வொன்றாகத் தோண்டாமல் கத்தியால் சாய்வாகப் பள்ளம் இழுத்துக்கொண்டே வருவார்களே, பழம் திருகாணி மாதிரி ஆகிவிடும், அப்படிப்பட்ட வரிசைகளைத்தான் அவள் எண்ணியிருக்கிறாள். கண்கள் ஏறக்குறைய அறுகோணம் என்பதால் மூன்றாவதாக ஒரு வரிசையும் உண்டு, கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும். ஒரு கண்ணில் பேனாவால் புள்ளி வைத்து எண்ணத் தொடங்குங்கள், பெரும்பாலும் 21 வரும். 8, 13, 21: முதல் இரண்டைக் கூட்டினால் மூன்றாவது. இப்படி முந்தைய இரண்டையும் கூட்டி அடுத்ததைப் பெறும் 1, 2, 3, 5, 8, 13, 21 என்ற வரிசைதான் ஃபிபனாச்சி எண்கள்.

ஆனால் பழம் எதையும் எண்ணுவதில்லை. செடியின் நுனியில் ஒவ்வொரு புது அரும்பும் (பின்னால் கண்ணாவது இதுதான்), ஏற்கெனவே இருப்பவற்றை விட்டு விலகி, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே கிளம்புகிறது, அவ்வளவுதான். (பழைய அரும்புகள் முளைக்கத் தேவையான ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தம் பக்கம் இழுத்துவிடுவதால் அவற்றை ஒட்டிப் புதிது முளைக்க முடியாது.) இப்படியே போனால் ஒவ்வோர் அரும்பும் முந்தையதிலிருந்து சுமார் 137.5 பாகை தள்ளி அமைகிறது. இந்தக் கோணத்தில் அடுக்கிக்கொண்டே போனால் சாய்வு வரிசைகள் தாமாகவே 8, 13, 21 என்று வந்துவிடும். 90 பாகையாக இருந்தால் ஐந்தாவது அரும்பு முதலாவதற்கு நேர் மேலே வந்துவிடும், நடுவில் இடம் வீணாகும். 1992-இல் துவாதி, கூதே என்ற இரு பிரெஞ்சு இயற்பியலாளர்கள், ஒன்றையொன்று விலக்கும் காந்தத் திரவத் துளிகளை ஒரு தட்டில் ஒன்றன்பின் ஒன்றாக விழவைத்தார்கள்; உயிரே இல்லாத அந்தத் துளிகளும் இதே கோணத்துக்கு வந்தன! எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கும்.

அதற்காக எல்லாச் செடியும் ஃபிபனாச்சிதான் என்று நம்பிவிட வேண்டாம். ஏற்காட்டில் எங்கு திரும்பினாலும் காப்பித் தோட்டம்தானே, அடுத்த முறை ஒரு செடியின் நேராக நிற்கும் தண்டைப் பாருங்கள், இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும், அதற்கு மேல் ஜோடி குறுக்கே சிலுவை போல நிற்கும். அங்கேயும் இடம் பார்த்து முளைப்பதுதான், இரண்டிரண்டாக முளைப்பதால் 90 பாகை.

அப்புறம், பெயர்தான் ஃபிபனாச்சி. இத்தாலியக் கணித அறிஞரான அவர் புத்தகம் எழுதியது 1202-இல்; அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, யாப்புக் கணக்கில் இந்த எண்களைச் சொல்லிவிட்டார் குஜராத்தின் சமண அறிஞர் ஹேமசந்திரர். நம் இலக்கணத்திலும் குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 அல்லவா? குறிலும் நெடிலும் மட்டும் வைத்து 3 மாத்திரையை நிரப்ப 3 வழி, 4 மாத்திரைக்கு 5 வழி. 5 மாத்திரைக்கு 8 வரும், மகளையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.